முதல் ரூபாய் மண்ணுக்கு அடியில்

மாநகராட்சி பட்ஜெட் புத்தகம் கைக்குக் கிடைத்தால் முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். முதல் பக்கங்களில் மேயர் உரை இருக்கும், ஒரு திருக்குறள் இருக்கும், கட்டப்போகிற வளாகத்தின் வண்ணப்படம் இருக்கும். அதையெல்லாம் தள்ளிவிட்டு ‘குடிநீர் மற்றும் வடிகால் நிதி’ என்று தலைப்பு போட்ட பக்கத்துக்குப் போங்கள். நம் மாநிலத்து நகராட்சிகளில் பணம் மூன்று கணக்கில் நிற்கிறது. வருவாய் மற்றும் மூலதன நிதி ஒன்று, குடிநீர் மற்றும் வடிகால் நிதி ஒன்று, ஆரம்பக் கல்வி நிதி ஒன்று. நீங்கள் கட்டுகிற சொத்து வரியும் உள்ளே போய் இப்படித்தான் பிரிகிறது. ஊர் எப்படி நடக்கிறது என்பது இரண்டாவது கணக்கில் தெரிந்துவிடும். நகராட்சிக் கணக்குப் பிரிவில் பேரேடு எழுதி ரிட்டயரானவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்திலும் மூன்று பத்திகள் இருக்கும். போன வருஷத்து உண்மைக் கணக்கு, நடப்பு வருஷத்துத் திருத்திய மதிப்பீடு, வரும் வருஷத்து மதிப்பீடு. பேப்பரில் ‘உபரி பட்ஜெட்’ என்றோ ‘பற்றாக்குறை பட்ஜெட்’ என்றோ வருவது கடைசிப் பத்தியை வைத்து. அது ஆசை. வராத மானியத்தையும் வந்ததாகப் போட்டால் எந்தப் பற்றாக்குறையும் உபரியாகும். முதல் பத்திதான் நடந்தது. போன வருஷம் குழாய்க்கும் சாக்கடைக்கும் என்று ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு சம்பளத்துக்குக் கைமாற்றாகப் போயிற்று என்பது அங்கேதான் தெரியும். மூத்தவள் கல்யாணத்துக்கு இளையவள் நகையை அடகு வைப்பதுபோல, குடிநீர் நிதியிலிருந்து பொது நிதிக்குப் பணம் போகும். திரும்பி வருவது அபூர்வம்.

நான் இருப்பது கங்கைகொண்டானில். திருநெல்வேலி மாநகராட்சியில் எனக்கு ஓட்டு கிடையாது. எங்களுடையது மானூர் ஒன்றியத்து ஊராட்சி. அப்படியிருக்க நெல்லை மாநகராட்சி பட்ஜெட்டைப் பற்றி உனக்கென்ன என்று கேட்கலாம். ஆஸ்பத்திரி என்றால் ஹைகிரவுண்ட், ஜவுளி என்றால் டவுன், படிப்பு என்றால் பாளையங்கோட்டை என்று தாழையூத்து வழியாகத் தினமும் அங்கேதான் போய்வருகிறோம் என்பது ஒரு பதில். அதைவிடப் பெரிய பதில் தண்ணீர் ஓடும் திசை.

எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அதற்குள் தாமிரபரணி நெல்லையைக் கடந்து வந்துவிடுகிறது. குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டை என்று கரையோரம் ஓடைகளும் கால்வாய்களும் இறக்கிவிட்டது எல்லாம் அதோடு சேர்ந்து வருகிறது. சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்குக் குடிநீர் போகிறது. இன்னும் கொஞ்சம் கீழே வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறது. ஆக, நெல்லை டவுனில் ஒரு வீட்டின் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி, தூத்துக்குடியில் ஒரு குழந்தை என்ன குடிக்கிறது என்ற கேள்வியும்கூட. நெல்லை தனக்குத் தண்ணீர் வேண்டியபோது மேலே, அரியநாயகிபுரத்துக்குப் போனது. தேவைக்கு மேற்கே போகிறோம், கழிவைக் கிழக்கே விடுகிறோம். கிழக்கே இருப்பவர்கள் யாரும் நெல்லையின் 55 வார்டுகளில் எதிலும் வாக்காளர் இல்லை. சாக்கடைக்கு ஒதுக்கும் பணம் வருஷா வருஷம் பின்னால் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் அடிபட்டது குளிர்பானக் கம்பெனிகளால். சிப்காட்டில் கோலா ஆலை வந்தபோது போராட்டம் நடந்தது. பெப்சிக்கும் இடம் கொடுத்தபோது மறுபடியும் நடந்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் தடை நீங்கியது. உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னதும், ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்ற விலையும் டீக்கடை பெஞ்சு வரை பேசப்பட்டன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆலை எடுக்கிற தண்ணீருக்கு மீட்டர் உண்டு, பில் உண்டு, எதிர்த்து நிற்க ஒரு கேட் உண்டு. சாக்கடையாகி ஆற்றில் விழுகிற தண்ணீருக்கு இதில் எதுவும் கிடையாது. அதனால் அதற்கு எதிராக ஊர்வலமும் கிடையாது. உறிஞ்சுகிறவன் மேல் வருகிற கோபத்தில் பாதியாவது கெடுக்கிறவன் மேல் வரக் கூடாதா? கெடுக்கிறவன் என்றால் கம்பெனி இல்லை, பாத்ரூம் குழாயை ஓடையில் விட்ட நாமும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நம் மாநகராட்சியும்.

பாதாள சாக்கடை நெல்லைக்குப் புதிது இல்லை. 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். தேசிய நதிகள் பாதுகாப்புத் திட்டத்தில் முதல் கட்ட வேலை நடந்து, ராமையன்பட்டியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அது ஊரின் ஒரு பகுதிக்கு. பிறகு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று ரோட்டைத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். ஆறு மட்டும் மாறவில்லை. தாமிரபரணியைச் சுத்தமாக்கக் கேட்டு 2018-இல் போட்ட பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து, சாக்கடை ஆற்றில் கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீதிபதி வந்து நின்று பார்க்க வேண்டிய நிலைக்கு ஒரு சாக்கடை வருகிறதென்றால், அதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டிய எத்தனை பேர் பார்க்கவில்லை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் நெல்லை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு ஐந்தாண்டில் 500 கோடி வரை தரும், மாநிலமும் அதே அளவு போட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. நம் ஊர்களின் பொது நிதி கனவிலும் காணாத தொகை அது. அதில் என்ன பார்த்தோம்? ஜங்ஷன் பெரியார் பேருந்து நிலையத்தை 2018 கடைசியில் இடித்தார்கள். வழக்கு, வாய்தா என்று ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பயணிகள் ரோட்டோரத்தில் வெயிலில் நின்றோம். கோவில்பட்டி பஸ்ஸில் வந்து இறங்குகிற எங்களுக்கு, எந்த வண்டி எந்த ஓரத்தில் நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே ஒரு வேலையாக இருந்தது. டவுனில் போஸ் மார்க்கெட் புதிதாயிற்று, கார் நிறுத்த அடுக்குமாடி வந்தது, பாளையில் வ.உ.சி. மைதானத்தைப் புதுப்பித்தார்கள். அதன் மேற்கூரையின் ஒரு பகுதி ஒரு பலத்த காற்றில் சரிந்து விழுந்த படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. இவற்றில் சில தேவைதான். மார்க்கெட் கடையிலிருந்து வாடகை வரும், வாடகை இல்லாமல் மாநகராட்சி நடக்காது என்பது கணக்குப் பிரிவில் இருந்தவளுக்குத் தெரியாதா? என் குறை வரிசையைப் பற்றியது. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. பாளையங்கால்வாயில் அன்றைக்கும் குப்பையும் கழிவும்தான் மிதந்தன. கார் நிறுத்தம் கால்வாய்க்கு முன்னால் வரக் காரணம் என்ன?

காரணம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் ஒரு கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அதற்கு ஸ்டாண்ட்பை மோட்டார் ஒன்று வாங்க வேண்டும் என்று வருஷா வருஷம் வரைவு மதிப்பீட்டில் எழுதுவோம். வருஷா வருஷம் அது அடிபடும். “இருக்கிற மோட்டாரு ஓடத்தானம்மா செய்யுது, இதை அடுத்த வருஷம் பாப்போம்” என்பார் மேலே இருந்தவர். கெட்டவர் இல்லை, ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்தவர்தான். அந்தப் பணத்தில் பூங்காவுக்கு ஒரு நுழைவாயில் வந்தது. பெயர்ப்பலகையில் எல்லாருடைய பெயரும் இருந்தது. ஒரு ஐப்பசியில் மோட்டார் எரிந்தது. மேன்ஹோல் மூடிகள் மிதந்தன, ஒரு தெரு முழுக்க வீட்டுக்குள் சாக்கடை. அவசரச் செலவு என்று வாடகை மோட்டாருக்கும் லாரிக்கும் கொடுத்தது புது மோட்டார் விலையைத் தாண்டியது. தணிக்கையில் யாரும் அதை ஆட்சேபிக்கவில்லை, ஏனென்றால் அவசரச் செலவுக்கு விதியில் இடம் உண்டு. அவசரம் எப்படி வந்தது என்று கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

இதுதான் மொத்தக் கதையும். கட்டுவதற்கான பணம் டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் திட்டமாக வரும். ஓட்டுவதற்கான பணம் உள்ளூரில்தான் பிறக்க வேண்டும். பம்புக்குக் கரண்ட் பில், ஆபரேட்டருக்குச் சம்பளம், அடைப்பு எடுக்கும் வண்டிக்கு டீசல், ராமையன்பட்டி நிலையத்தில் தேய்ந்துபோகிற உதிரிபாகம் எல்லாம் சொத்து வரியிலிருந்து. அந்த ராமையன்பட்டியில்தான் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. கோடையில் அது தீப்பிடித்தால் புகை சங்கரன்கோவில் ரோட்டை மூடும். அதை அணைக்க ஆகிற செலவும் உள்ளூர்ப் பணம்தான். திட்டப் பணத்துக்கு விழா உண்டு. உள்ளூர்ப் பணத்துக்கு வசவுதான். 2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். டவுனில் நான் பலசரக்கு வாங்குகிற கடை அண்ணாச்சி இன்றைக்கும் அதை ஆற்றமாட்டாமல் சொல்கிறார்: “கூட்டினதைக் குடுத்துட்டேன் தாயீ, எங்க தெரு மூடி இன்னும் உடைஞ்சுதான் கெடக்கு.” வரி கூடியது தப்பு என்று நான் நினைக்கவில்லை. பல வருஷம் கூட்டாமல் விட்டதைக் கூட்டினார்கள். கூட்டிய பணத்தில் வடிகால் கணக்குக்கு எவ்வளவு போனது என்று வார்டு வாரியாக ஒரு தாளில் அச்சடித்து அண்ணாச்சி கையில் கொடுக்காததுதான் தப்பு.

மத்திய அரசே ஒருவகையில் இந்த வரிசையை ஒத்துக்கொண்டிருக்கிறது. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 15-ஆவது நிதிக்குழு கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு 60 குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் நாலேமுக்கால் லட்சம் பேர் இருந்த நெல்லை அதில் அடங்கும். எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம்தான். நம் கவுன்சில் தானாகச் செய்ய வேண்டியதை டெல்லியில் இருக்கிற ஒரு குழு கட்டிப்போட்டுச் செய்ய வைக்கிறது. கவுன்சிலோ வேறு வேலையாக இருந்தது. 2024 ஜனவரியில் மேயர் மேல் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானக் கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலரும் வரவில்லை என்பதை ஊர் மறந்திருக்காது.

அந்தக் கூட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு முந்தித்தான் வெள்ளம் வந்து போயிருந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லையில் ஜங்ஷன் முழுகியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அந்த மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது என்று அதிகாரிகள் சொன்னார்கள். உண்மைதான், 95 சென்டிமீட்டருக்கு யாரும் சாக்கடை கட்ட முடியாது. ஆனால் வெள்ளம் வடிந்தபிறகு என்ன ஆயிற்று? ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் பம்புகளும் சேதமாகிக் குடிநீர் நாள்கணக்கில் நின்றது. சுற்றிலும் தண்ணீர், குடத்தில் தண்ணீர் இல்லை. சாதாரண ஐப்பசி மழைக்கே டவுன் ரதவீதி ஓரங்களில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊரில், பெருமழையைக் காரணம் காட்டிச் சிறுமழையை மறைக்கக் கூடாது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊர் சொல்கிறேன். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே. 1989-இல் அங்கே நகராட்சி பட்ஜெட்டின் முதலீட்டுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு ஜனங்களையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஏழைப் பேட்டைகள் கேட்டது நீச்சல் குளம் இல்லை. குழாய், சாக்கடை, தார்ரோடு. சில வருஷங்களில் குடிநீர் இணைப்பும் சாக்கடை இணைப்பும் அங்கே எக்கச்சக்கமாகக் கூடின. உலக வங்கியே அதை எழுதி வைத்தது. பாடம் இத்தோடு முடிந்தால் எனக்கு வசதி. முடியவில்லை. ஆட்சிகள் மாறின, அந்தக் கூட்டங்களை 2017-இல் நிறுத்தி வைத்தார்கள். 2024 மே மாதம் அந்த ஊர் வெள்ளத்தில் முழுகியது. 1941 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய தடுப்பு இருந்தது, வெள்ளத்தை வெளியேற்றும் பம்பிங் ஸ்டேஷன்களும் இருந்தன. பராமரிப்பு இல்லாத கதவுகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது, பெரும்பாலான பம்புகள் நின்றுபோயின. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஸ்டாண்ட்பை மோட்டார்தான் ஞாபகம் வந்தது. ஜனங்களைக் கேட்டால் சரியான இடத்தில் கட்டுவார்கள். கேட்பதை நிறுத்தினால் கட்டியதும் ஓடாது.

நம் ஊரிலும் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. கிராமத்தில் எங்களுக்குக் கிராம சபை உண்டு. குடியரசு தினத்தன்று பந்தலில் உட்கார்ந்து, தெருவிளக்கு எரியவில்லை, தொட்டி கழுவவில்லை என்று ஊராட்சித் தலைவரை முகத்துக்கு நேரே கேட்கலாம். எல்லாக் கேள்விக்கும் பதில் வராது, ஆனால் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். நகரத்துக்காரர்களுக்கு 2022 வரை அதுகூட இல்லை. அந்த ஆண்டுதான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருஷத்துக்கு நான்கு நாள். நெல்லையில் இருக்கிற என் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்கள், “கவுன்சிலரு ஆளுங்கதான் போவாங்க மதினி” என்றார்கள். கவுன்சிலர் ஆட்கள் மட்டும் போவதால்தான் அது கவுன்சிலர் கூட்டமாக இருக்கிறது.

தேதிகளைப் பாருங்கள். பட்ஜெட் கவுன்சிலுக்கு வருவது நிதியாண்டு முடிகிற மாதங்களில். அதற்கு முந்தைய இரண்டு சபைகள் டிசம்பர் 10-ம் ஜனவரி 26-ம். வரைவு மதிப்பீடு மேஜையில் இருக்கிற நேரம். மார்ச்சில் கத்திப் பிரயோஜனம் இல்லை. அப்போது புத்தகம் அச்சாகிவிடும். அந்த இரண்டு சபைகளில் வடிகால் நிதிப் பக்கத்தை மட்டும் விரித்து வைத்துப் பேச வேண்டும் என்பது என் கோரிக்கை. நம் வார்டில் எத்தனை வீட்டுக்குப் பாதாள சாக்கடை இணைப்பு கொடுத்தாயிற்று, எத்தனை வீடு இன்னும் ஓடையில் விடுகிறது, பம்பிங் ஸ்டேஷனில் ஸ்டாண்ட்பை மோட்டார் இருக்கிறதா, மின்வாரியத்துக்குப் பாக்கி எவ்வளவு, அடைப்பெடுக்க மனிதனை இறக்காமல் வண்டி வருகிறதா. இவற்றுக்குப் பதில் எழுதாமல் புதுக் கட்டடம் எதற்கும் ஒரு ரூபாய் ஒதுக்கக் கூடாது. புதிதாக எதைக் கட்டினாலும் அதை ஓட்ட வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டுத்தான் அடிக்கல் நாட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம் என்ன ஆகும், மார்க்கெட் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் கை வைக்கவில்லை. அது மூன்றாவது கணக்கு, அதில் ஒரு பைசாவும் குறையக் கூடாது. டவுன் கல்லணை மாநகராட்சி பெண்கள் பள்ளியில் சேர்க்கைக்குப் பெற்றோர் வரிசையில் நிற்பதை நெல்லையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மாநகராட்சி நடத்துகிற ஒரு விஷயத்துக்கு ஜனங்கள் இடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றால் அதற்கு இன்னும் கொடுக்கலாம். காத்திருக்க வேண்டியவை வேறு. நுழைவாயில்கள், நீரூற்றுகள், பளபளக்கும் எல்இடி எழுத்துகள், இருக்கிற நடைபாதைமேல் போடுகிற இன்னொரு நடைபாதை. இவற்றை ஐந்து வருஷம் நிறுத்திவைத்தால் ஊரில் யாருக்கும் வயிற்றுவலி வராது.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்கு முன்மாதிரி இருக்கிறதா என்று தேட வேண்டாம். நெல்லை மாநகராட்சி தன் வடிகால் நிதி வரைவைக் கவுன்சிலில் வைப்பதற்கு முன்னால், தூத்துக்குடி மாநகராட்சிக்கும் கோவில்பட்டி நகராட்சிக்கும் சீவலப்பேரியிலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றங்கரையில் இருக்கிற ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். அவர்கள் ஆட்சேபணை எழுதினால் அதைக் கவுன்சிலில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். எங்கள் சிற்றாறும் அங்கேதான் போய்ச் சேர்கிறது, ஆகவே கங்கைகொண்டான் ஊராட்சிக்கும் ஒரு பிரதி. பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வந்தால் படித்துவிட்டுக் குறிப்பெழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன்.